அருள்ராஜின் வளைகோடு

2003 பிப்ரவரி 6, வியாழன்

புது மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. இன்று ஓடியேவிட்டது!

எங்கள் டெல்லி ராணுவ ஆராய்ச்சி லேபில் பெட்டியைப் பிரித்து வாரக்கணக்காகிறது. ஏ.சி. போதாது, மின்சாரம் நிலையாக இல்லை, பெங்களூரிலிருந்து வர வேண்டிய எஞ்சினியரின் விமானம் மூடுபனியில் இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். இன்று மத்தியானம் அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "லீஜியே மேடம், ஆப்கா பச்சா தயார்" என்றார், உங்கள் குழந்தை தயார் என்று. பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற மாதிரிதான் நானும் நின்றுகொண்டிருந்தேன்.

இத்தனை வருஷம் ஜெல்லில் பட்டை விழுகிறதா என்று பார்த்து, "கொஞ்சம் அடர்த்தி", "கொஞ்சம் மங்கல்" என்று கண்ணளவில் சொல்லிக்கொண்டிருந்தோம். இதில் திரையிலேயே கோடு எழும்புகிறது. தேடுகிற மரபணுச் செய்தி ரத்தத்தில் அதிகமாக இருந்தால் சீக்கிரம் எழும்பும். குறைவாக இருந்தால் தாமதமாக எழும்பும். அவ்வளவுதான், பள்ளியில் படிக்கும் என் பெண் ஷ்வேதாவுக்கே புரியும்.

உடம்பு சூடேறும்போது செல்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஒரு புரதத்தைச் செய்கின்றன. அதைச் செய் என்று மரபணு எழுதி அனுப்பும் சீட்டைத்தான் நான் எண்ணப் போகிறேன். பழகாத உடம்பில் சூடு பட்ட பிறகுதான் சீட்டு பறக்கும். வெயிலுக்குப் பழகிய உடம்பில் அது முன்கூட்டியே தயாராக இருக்கும். இது எங்கள் ஊகம்.

போன வருஷம் பாலைவனப் பயிற்சி ஒன்றில் இரண்டு ஜவான்கள் வெயிலில் விழுந்தார்கள். எழுந்திருக்கவில்லை. இருவருமே மருத்துவப் பரிசோதனையில் முழுத் தகுதி. நாடி சரி, ரத்த அழுத்தம் சரி. யார் விழுவான் என்று ரத்தம் முன்பே சொல்லுமா? என் கேள்வி இது ஒன்றுதான்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் பட்டாபி பேப்பரை இறக்காமலே, "மெஷினுக்குப் பொட்டு வெச்சு ஆரத்தி எடுத்தியோ?" என்றார். ஷ்வேதா, "அரே அம்மா, ஒரு மெஷினுக்கு இவ்ளோ ஸ்மைலா? என் போர்டு ரிசல்ட்டுக்குக்கூட இப்படி இருக்க மாட்டே" என்றாள்.

நாற்பத்தாறு வயதில் இப்படிச் சிரிக்கக் கூடாதா என்ன?

பிப்ரவரி 10, திங்கள்

கண்டோன்மென்ட் போய் வந்தேன். பனிமலையிலிருந்து இப்போதுதான் இறங்கி வந்திருக்கும் ஒரு கம்பெனி. ஏப்ரல் நடுவில் ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போகப் போகிறார்கள். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? குளிரிலேயே இருந்த உடம்புகள். டெல்லியிலும் இன்னும் ஸ்வெட்டர் கழற்றவில்லை.

பெரும்பாலும் தமிழ்ப் பையன்கள். சுபேதார் பரமசிவம் திருநெல்வேலிக்காரர், மீசையைத் தனியாகச் சம்பளம் கொடுத்து வளர்ப்பவர் போல இருக்கிறார். எங்கள் சூட்டறையில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், நடக்கும் முன்னும் பின்னும் ரத்தம் எடுப்போம், டாக்டர் பக்கத்திலேயே இருப்பார் என்று விளக்கினேன்.

"இந்த டெஸ்டுக்கு எத்தனை மார்க்கும்மா?" என்று கேட்டார் சுபேதார்.

"மார்க் எல்லாம் கிடையாது சுபேதார் சாப். சும்மா அளக்கிறோம்."

"சரிம்மா, சரிம்மா" என்றார். ரொம்ப மரியாதையாக.

பிப்ரவரி 13, வியாழன்

முதலில் என் ரத்தம். புடவையைத் தூக்கிச் செருகி, ஷூ போட்டுக்கொண்டு சூட்டறையில் நடந்தேன். கண்ணாடிக்கு வெளியே எங்கள் பிரிவுத் தலைவர் ரங்கராஜன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"லீலாவதி, உங்களை ஸ்டிரெச்சர்ல தூக்கிண்டு போற மாதிரி ஆனா, நான் மேல என்ன எழுதறது?"

"விஞ்ஞானி வெந்துபோனார்னு எழுதுங்கோ."

நடக்கும் முன் எடுத்த ரத்தத்தில் கோடு சோம்பேறித்தனமாக, வெகு தாமதமாக எழுந்தது. நடந்த பிறகு எடுத்ததில் விர்ரென்று எழுந்தது. பாடப்புத்தகத்தில் வரைந்த மாதிரி! திரையை விட்டு நகர மனமில்லை. என் உடம்புக்குள் இவ்வளவு அவசரமாகச் சீட்டுகள் பறந்திருக்கின்றன. நான் என்னவோ மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டு நடந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

பையன்கள் வந்தார்கள். முதல் ஊசிக்குக் கை நீட்டியவன் முகம் வெளுத்துப் போனான். சுபேதார் அவன் முதுகில் தட்டி, "பயப்படாதலே, அம்மா நம்ம ஆளு. தமிழ்லதான் குத்துவாவ" என்றார். அறையே சிரித்தது.

ஒருவன்கூடத் தடுமாறவில்லை. நாற்பத்தைந்து டிகிரியில் ஒரு மணி நேரம், ஏதோ கடற்கரையில் உலாத்துவது போல. எல்லோரிலும் அருள்ராஜ் தனி. தூத்துக்குடிக்காரன், பட்டாலியனின் முதல் ஓட்டக்காரனாம். வெளியே வந்ததும், "மேடம், இன்னும் ரெண்டு டிகிரி கூட்டி வைக்கலாமே. எங்க ஊர் பஸ் ஸ்டாண்டே மே மாசம் இதை விடச் சூடு" என்றான். வியர்வையில் குளித்துக்கொண்டே பல்லைக் காட்டிச் சிரித்தான். அவனைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துவிடும்.

ரத்தம் எல்லாம் ஐஸில் பத்திரம். எனக்குத்தான் பொறுமை இல்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

எல்லாம் பாழ்.

நடக்கும் முன் எடுத்த ரத்தம் — குளிரிலிருந்து வந்த உடம்பு, கோடு தாமதமாகத்தானே எழும்ப வேண்டும்? எல்லாருக்கும் சீக்கிரமே எழும்புகிறது. வருஷக்கணக்கில் பாலைவனத்திலேயே இருந்தவர்கள் மாதிரி. எப்படி? எங்கேயோ அசுத்தம் கலந்துடுத்து. தண்ணியா, ரசாயனமா, என் கையா? என்ன பண்ணித் தொலைச்சேன்?

ஒரே ஒருவனுக்கு மட்டும் முன் அளவு குறைவு, அருள்ராஜுக்கு. ஆனால் அவனுக்கோ நடந்த பிறகும் ஏறவில்லை. கோடு இருந்த இடத்திலேயே படுத்துக் கிடக்கிறது. ஆக, எல்லாக் குழாயும் தப்பு, சரியாக இருந்த ஒன்றும் தப்பு.

மார்ச் 1, சனி

பாகிஸ்தானோடு மேட்ச். ரோட்டில் ஈ காக்கை இல்லை. லேபில் நானும், ரேடியோவோடு வாசல் காவலாளியும்தான். வெறும் தண்ணீரைப் போட்டு ஓட்டினேன், கோடே இல்லை. தண்ணீர் சுத்தம். ரசாயனத்தைப் புதிதாகக் கலந்தேன், அதே விடை. என் பழைய ரத்தத்தைப் பக்கத்திலேயே வைத்து ஓட்டினேன், முன்பு போலவே தாமதம். அப்படியானால் மெஷின் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

வெளியே பட்டாசு வெடித்தது. காவலாளி ஓடிவந்து என் கையில் ஒரு லட்டுவைத் திணித்தான். ஜெயித்துவிட்டோமாம். லட்டுவைத் தின்றுகொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் பொய் சொல்லவில்லை என்றால், பையன்களுடைய ரத்தம் எதைச் சொல்கிறது?

மார்ச் 4, செவ்வாய்

ரங்கராஜன் சொல்கிறார், இந்தத் தொகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கம்பெனி தேடலாம் என்று. "ஏப்ரல் மூணு ரிவ்யூ. இதைக் கொண்டுபோய் நீட்டினேள்னா மெஷினையே திருப்பிக் கேப்பா."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் புரியாததைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. வியாழக்கிழமை கண்டோன்மென்ட் போய்ப் புதிதாக ரத்தம் எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

நேற்று வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார முடியவில்லை. சிரித்துச் சிரித்து விலா வலித்தது. இன்று எழுதுகிறேன்.

நான் போனது மத்தியானம். முன்கூட்டிச் சொல்ல போன் கிடைக்கவில்லை. கம்பெனி எங்கே என்று கேட்டால் சென்ட்ரி, "லங்கர் மே ஹைன்" என்றான். சமையல் கொட்டகையில் எல்லாரும் என்ன செய்கிறார்கள்? கிட்டப் போகப் போகத் தடதடவென்று பூட்ஸ் சத்தம்.

உள்ளே பார்த்தேன். அடுப்புகள் அத்தனையும் எரிகின்றன, ஜன்னல்கள் மூடியிருக்கின்றன. பனிமலைக்குக் கொடுத்த தடிமனான கோட்டைப் போட்டு, அதன் மேல் கம்பளியும் சுற்றிக்கொண்டு, அத்தனை பையன்களும் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். சுபேதார் பரமசிவம் ஒரு பெரிய தேக்சா அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுக் கரண்டியால் தாளம் தட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்ன சாப் இது?"

கரண்டியை நிறுத்தாமலே, "பிராக்டிஸ்ம்மா" என்றார்.

"எதுக்குப் பிராக்டிஸ்?"

"நல்லாக் கேட்டிய. உங்க டெஸ்டுக்குத்தான். நீங்க மொதல்ல வந்து சொல்லிட்டுப் போனியள்லா, அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு. இன்னும் ஒருக்கா ரத்தம் எடுத்தாலும் எடுப்பாவன்னு நிப்பாட்டலை. உங்க சூட்டு ரூம்ல நம்ம பய ஒருத்தன் மயங்கி விழுந்தான்னு வெச்சுக்கிடுங்க, அடுத்த கம்பெனிக்காரன் நம்மள உயிரோட விடுவானா?"

"மார்க் இல்லைன்னு சொன்னேனே சாப்!"

"மார்க் இல்லாத டெஸ்ட் எந்த ஊர்லம்மா இருக்கு?"

அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. பையன்கள் பயந்துபோனார்கள். சமையற்காரர் பெரிய ஸ்டீல் மக்கில் டீயைக் கொண்டுவந்து நீட்டினார். "அம்மா, தப்பாப் போச்சா?" என்று சுபேதார் முதல் முறையாகக் கரண்டியைக் கீழே வைத்தார்.

தப்பா! அளக்க வந்தவளை, பரீட்சை வைக்க வந்தவளாக நினைத்திருக்கிறார்கள். பட்டாளத்தில் எதைச் சொன்னாலும் அதில் முதலாவது வர வேண்டும். டெல்லிக் குளிரில் அடுப்பங்கரையிலேயே ஒரு பாலைவனம் செய்துகொண்டுவிட்டார்கள்.

டீயைப் பாதி குடித்தபோதுதான் உறைத்தது. இந்தப் பிராக்டிஸ் எனக்குத் தெரியாது. ரங்கராஜனுக்குத் தெரியாது. அவர்களுடைய கர்னலுக்கும் தெரியாது. ஆனால் மெஷினுக்குத் தெரிந்திருக்கிறது! இந்த உடம்புகள் ஏற்கெனவே சூட்டுக்குப் பழகிவிட்டன என்று முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. நான்தான் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். இப்படி ஒரு சோதனையை நானே திட்டம் போட்டிருந்தாலும் செய்திருக்க முடியாது.

வண்டியில் திரும்பும்போது டிரைவர், "மேடம்ஜி, லாட்டரி லகி க்யா?" என்று கேட்டார். ஆமாம், லாட்டரிதான் விழுந்தது என்றேன்.

அதே நாள், மாலை

ஒன்றை மறந்துவிட்டேன். அருள்ராஜ்.

அவனுக்கு முன் அளவு குறைவு. பிராக்டிஸுக்கு வந்திருக்க மாட்டான், அதனால்தான், என்று நினைத்தேன். உறுதி செய்துகொள்ளச் சுபேதாருக்குப் போன் போட்டேன்.

"அவனா? மத்தவனெல்லாம் ஒரு வேளைன்னா அவன் ரெண்டு வேளைம்மா. மத்தியானம் எங்க கூட, சாயங்காலம் தனியா. நிறுத்துலேன்னா கேக்க மாட்டான்."

போனை வைத்துவிட்டு அவனுடைய எண்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மற்றவர்கள் விஷயத்தில் ரத்தம் உண்மை சொன்னது என்று நேற்று குதித்தேன். அப்படியானால் இவன் விஷயத்திலும் அது உண்மைதானே? எல்லாரையும்விட அதிகமாக ஓடியவன் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளவில்லை. சூட்டில் நடந்து வந்த பிறகுகூடக் காக்கும் சீட்டை எழுதவில்லை. அவனோ ரெண்டு டிகிரி கூட்டி வையுங்கள் என்று சிரிக்கிறான்.

போன வருஷம் விழுந்த அந்த இரண்டு பேரும் இப்படித்தான் சிரித்தார்களோ?

மார்ச் 11, செவ்வாய்

கர்னலைப் பார்த்தேன். மரியாதையான மனிதர், பஞ்சாபி. லங்கர் கதையைக் கேட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார். அருள்ராஜ் பெயரைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"டாக்டர், எங்கள் கம்பெனியில் கடைசி ஆளைக் காட்டியிருந்தால் யோசித்திருப்பேன். முதல் ஆளைக் காட்டுகிறீர்கள். பாலைவனத்தில் அவன் முன்னால் நடந்தால்தான் மற்றவர்கள் பின்னால் நடப்பார்கள். ஒரு கோட்டை நம்பி அவனை நிறுத்தச் சொல்கிறீர்களா?"

"இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்கிறேன். தகுதியில்லாதவன் என்று எங்கும் எழுதவும் வேண்டாம்."

யோசிப்பதாகச் சொன்னார்.

வெளியே மரத்தடியில் அருள்ராஜ் நின்றிருந்தான். யாரோ சொல்லிவிட்டார்கள். சல்யூட் அடித்தான். பிறகு மெதுவாக, "ஊர்க்காரங்கன்னு நம்பித்தானே மேடம் கையை நீட்டினேன்?" என்றான்.

"உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லியிருக்கலாம். அதைக் கேட்டு யாருக்குக் கோபம் தணிந்திருக்கிறது?

மார்ச் 14, வெள்ளி

பட்டாபி இன்று சொன்னார்: "நீ சொல்றது சரியா இருந்தா ஒருத்தருக்கும் தெரியப் போறதில்லை. தப்பா இருந்தா ஊருக்கே தெரியும். எங்க ஆடிட்லயும் இதே கதைதான், லீலா." ஆறுதலா, எச்சரிக்கையா தெரியவில்லை. தோசை மட்டும் நன்றாக வார்த்துப் போட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

ஹோலி. எங்கள் கிட்வாய் நகர் முழுக்கச் சிவப்பும் பச்சையும். ஷ்வேதா என் முகத்தில் குலால் பொடியைப் பூசிவிட்டு, "ஹஸ்தே ரஹோ மம்மி, சிரிச்சுண்டே இரு!" என்று ஓடினாள். இரண்டு முறை தேய்த்துக் குளித்தும் காதோரம் போகவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

அருள்ராஜை மறுபடி வரவழைத்து நடக்க வைத்து ரத்தம் எடுத்தேன். கர்னல் உத்தரவு, வந்தான். கேட்டதற்கு "ஜி மேடம்" மட்டும். மூன்று தனித்தனிக் குழாயில் போட்டேன். ஒரு குழாயைப் பக்கத்து அறையில் லேபிளை மறைத்துக் கொடுத்து ஓட்டச் சொன்னேன். மூன்றும் ஒன்றாகவே படுத்துக் கிடக்கின்றன.

என் கை தவறவில்லை. தவறியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. விஞ்ஞானியா நான்?

ஏப்ரல் 3, வியாழன்

ரிவ்யூ. லங்கர் கதையைச் சொன்னபோது மேஜையைச் சுற்றி அத்தனை பேரும் சிரித்தார்கள். அடுத்த படத்தில் அந்த எண்களைக் காட்டினேன். சிரிப்பு அடங்கியது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்த நிமிஷத்துக்காகத்தான் இருபது வருஷம் இந்த வேலையில் இருந்தேன் போலிருக்கிறது!

பிறகு கேள்வி வந்தது. "ஒரு ஜவானை நிறுத்தி வைக்க ஒரு மாலிக்யூல் போதுமா?"

"போதாது சார். ஆனால் அவனைப் பற்றி இதைத் தவிர வேறு எதுவும் நமக்குத் தெரியாது. நாடி சரி என்பது போன வருஷமும் தெரிந்துதான் இருந்தது."

ரங்கராஜன் மேஜைக்கடியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

முடிவு: அருள்ராஜ் முதல் குழுவோடு போக வேண்டாம். இரண்டாவது குழு மே பன்னிரண்டில் கிளம்புவதற்குள் அவனை என் பொறுப்பில் பழக்க வேண்டும். அவனுடைய மருத்துவப் பதிவில் எதுவும் ஏறாது. இந்தக் கடைசிக்காகத்தான் நான் குரலை உயர்த்தினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கம்பெனி கிளம்பிவிட்டது. அருள்ராஜ் பிளாட்பாரத்தில் மற்றவர்களுடைய பெட்டிகளை ஏற்றிக்கொடுத்துவிட்டு நேராக லேபுக்கு வந்தான். சூட்டறைக் கதவைத் திறந்து, "ஆரம்பிக்கலாமா மேடம்?" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

தினமும் ஒரு மணி நேரம் நடை. நடுவில் தண்ணீர், பிறகு ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அந்த விடுமுறைதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. நேற்று ஈஸ்டர், சர்ச்சுக்குப் போய்விட்டு மத்தியானமே வந்து நின்றானாம். காவலாளி திருப்பி அனுப்பியிருக்கிறான்.

இன்று நானே கேட்டேன். "லங்கர்ல ரெண்டு வேளை ஓடினியே, எவ்வளவு தண்ணி குடிச்சே? எவ்வளவு தூங்கினே?"

"தண்ணி குடிச்சா வயிறு கனக்கும் மேடம். தூக்கம்... காலையில சுபேதார் எந்திரிக்கும் முன்னாடி கிரவுண்டுல நிக்கணும்லா."

உடம்புக்குக் கற்றுக்கொள்ள அவன் நேரமே தரவில்லையோ? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு வேகத்தில் கற்கலாம். தெரியாது என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

"மேடம்," என்றான் போகும்போது, "இது என்னைக்குமே ஏறலைன்னா?"

"அப்ப வேற வழி பாக்கணும்."

"எனக்கு வேற வழி கிடையாது மேடம். ஓடத்தான் தெரியும்."

ஏப்ரல் 29, செவ்வாய்

அசையவில்லை. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவனிடம், "இன்னும் நாள் இருக்கு" என்றேன். "இருக்கு மேடம்" என்றான். இருவருமே சுவரைப் பார்த்துப் பேசினோம்.

மே 5, திங்கள்

கர்னல் போன் செய்தார். முதல் குழு பாலைவன நடையை முடித்துவிட்டது. ஒருவரும் விழவில்லை! போனைக் கையால் பொத்திக்கொண்டு ரங்கராஜனிடம் கத்தினேன். அவர் உடனே டீ சொல்லி அனுப்பினார்.

கர்னல் குரலில் சிரிப்பு. "டாக்டர், நீங்கள் சரியென்றவர்கள் விழவில்லை. நீங்கள் நிறுத்தியவனும் விழவில்லை, அவன்தான் டெல்லியில் இருக்கிறானே. இரண்டுக்கும் உங்கள் மெஷின்தான் காரணம் என்பீர்கள்."

"ஒன்றுக்கு உங்கள் சுபேதார் காரணம் சார். லங்கரில் ஓடவிட்டாரே."

"அதுவும் சரிதான்" என்றார். வைக்கும் முன், "அவன் எப்படி இருக்கிறான்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் சிரிப்பு இல்லை.

மே 8, வியாழன்

ஏறுகிறது!

முதலில் நம்பவில்லை. ரத்த மாதிரிப் பிளேட்டைத் திரும்பப் போட்டேன். என் பழைய ரத்தம் பக்கத்தில், தாமதமாக. அருள்ராஜின் கோடு அதற்கு வெகு முன்னால் எழும்பி நிற்கிறது. நடக்கும் முன்பே! நடந்த பின் இன்னும் கொஞ்சம். கம்பெனிப் பையன்களுடைய அளவுக்கு வந்துவிட்டான். சூட்டறைக்கு ஓடினேன். நான் ஓடியதை இந்தக் கட்டடம் பார்த்ததில்லை.

அவனுடைய பழைய கோட்டையும் பக்கத்தில் வரவழைத்து, அவனைத் திரைக்கு முன் உட்கார வைத்தேன். திரையைத் தொடாமல் விரலைக் கோட்டோடு கோடாக நகர்த்தினான்.

"இது நானா மேடம்?"

"நீதான்."

"அப்ப அது?"

"அது பிப்ரவரியில நீ."

"படுத்துத்தான் கிடந்திருக்கேன் போல" என்றான். இரண்டு மாசத்துக்குப் பிறகு அந்தப் பல் தெரிந்தது. "இதை ஒரு போட்டோ எடுத்துத் தருவீங்களா? அம்மைக்கு அனுப்பணும்."

மகன் ரத்தத்துக்குள் இருக்கும் கோட்டின் படத்தைத் தூத்துக்குடியில் ஒரு அம்மா எந்தச் சுவரில் மாட்டுவாள்? அச்செடுத்துக் கொடுத்தேன்.

மே 12, திங்கள்

அருள்ராஜ் இன்று கிளம்பிவிட்டான்.

நிறுத்தி வைத்தபோது நான் தப்பாக இருந்தால், ஒருவனுடைய கோபத்தோடு போயிருக்கும். இப்போது என் சொல்லை நம்பி அனுப்புகிறார்கள். இப்போது நான் தப்பாக இருந்தால்? போகலாம் என்று சொல்வது இவ்வளவு கனமாக இருக்கும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பட்டாபி டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

மே 16, வெள்ளி

ராஜஸ்தானில் நாற்பத்தாறு டிகிரி என்று செய்தியில் சொன்னார்கள். ஷ்வேதா சேனலை மாற்றிவிட்டாள்.

மே 21, புதன்

மத்தியானம் போன். ஒரே இரைச்சல். முதல் குழுவோடு போய் அங்கேயே இருக்கும் சுபேதார் பரமசிவம் கத்துகிறார்: "அம்மா! கேக்குதா? முடிச்சாச்சும்மா! பயலுவ அத்தனை பேரும் வந்தாச்சு!"

"அருள்ராஜ்?"

"இந்தா நிக்கானே பக்கத்துல. மொதல் ஆளா வந்துட்டு, திரும்பிப் போயி ரெண்டு பேர் மூட்டையைத் தூக்கிட்டு வந்தான். தண்ணி மட்டும் கேட்டுக் கேட்டுக் குடிக்கான்ம்மா, நாங்க கொண்டு போனதே பத்தலை. பேசுதானாம்."

போன் கை மாறியது. மூச்சு வாங்குவது கேட்டது. நான் எதிர்பார்த்தது நன்றியோ என்னவோ. அவன் எடுத்த எடுப்பிலேயே அதட்டினான்.

"மேடம், எப்ப வாரீங்க?"

"எங்கே?"

"இங்கதான். இப்ப எடுத்தாத்தானே நடந்த பிறகு எவ்வளவுன்னு சரியாத் தெரியும்? அந்த ரூமுக்குள்ள நடந்ததெல்லாம் ஒரு நடையா? பயலுவ எல்லாரும் கை நீட்டுதேன்னுட்டானுங்க. கர்னல் சாப்பும் கேட்டாரு, தனக்கும் எடுப்பாங்களான்னு. ஜல்தி வாங்க மேடம், நாளாச்சுன்னா எறங்கிரும்லா?"

ரங்கராஜன் அரை மணி நேரத்தில் பயண உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நாளை மாலை ரயில். ஐஸ் பெட்டி, குழாய்கள், ஊசி எல்லாம் கட்டி வைத்தாயிற்று. ஷ்வேதா தன் பள்ளி வாட்டர் பாட்டிலைக் கொண்டுவந்து என் பையில் செருகினாள். பட்டாபி எனக்கு ஒரு தொப்பி தேடிக்கொண்டு ஐ.என்.ஏ. மார்க்கெட் போயிருக்கிறார், இன்னும் வரவில்லை.